போர்த்தக் கூடாத துணி

எங்கள் ஆட்களுக்கு ஒரு மேடை கிடைத்தால் போதும், ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தத் தொடங்கிவிடுவார்கள். மொன்றியல் குளிரில் இத்தனை வருடம் கிடந்தும் அந்த நோய் மாறவில்லை. மண்டபம் பிடித்துத் தந்தவருக்கு ஒன்று, ஒலிவாங்கி கொண்டுவந்தவருக்கு ஒன்று, போன முறை போர்த்தியவருக்கு இந்த முறை ஒன்று.

போன வருடம் எங்கள் சங்கம் கோட்-டெ-நெய்ஜில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மனித உரிமை விழா வைத்தது. இந்த நாட்டுப் பூர்வகுடிக் கலைஞர் ஒருவரை அழைக்கலாம் என்று சொன்னது நான்தான். தலைவர் உடனே சம்மதித்தார். நீதியிலும் கலையிலும் உள்ள அக்கறையால் அல்ல. இறகுக் கிரீடத்தோடு ஒருவர் பக்கத்தில் நின்றால் படம் நன்றாக வரும் என்று நினைத்திருக்கிறார். வந்தவர் ஜீன்ஸும் பழைய குளிர்ச்சட்டையும் போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண். தலைவரின் முகம் விழுந்துவிட்டது.

அவர் கொண்டுவந்தது ஒரு சிவப்புக் கம்பளித் துணி. அரசால் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டு, வீடு திரும்பாமலே போன பூர்வகுடிப் பிள்ளைகளின் பெயர்களை மஞ்சள் நூலால் அதில் தைத்திருந்தார். அவருடைய தாயின், ஏழு வயதில் கொண்டுபோகப்பட்ட அக்காவின் பெயரும் அதில் இருந்தது. இதை யாரும் உடம்பில் போடக்கூடாது, மேசையில் விரித்து வைக்கவேண்டும் என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார். நான் தலைவரிடம் சொன்னேன். "ஓம் ஓம், பாப்பம்," என்றார், வாசலைப் பார்த்தபடி. மாநகரசபை உறுப்பினர் வரும் நேரம்.

உறுப்பினர் வந்ததும் எல்லாருக்கும் தலைகால் புரியவில்லை. கலைஞருக்கு ஒதுக்கிய பத்து நிமிடம் ஐந்தாகி, பிறகு இல்லாமலே போனது. தலைவர் கர்க்லாண்ட் புறநகரில் தான் வீடு வாங்கிய கதையில் தொடங்கி, வெறுங்கையோடு வந்த எங்களுக்கு இந்த நாடு நிலம் தந்தது என்று, நிலத்துக்குரியவரை முன்னால் வைத்துக்கொண்டே வாய் கிழியப் பேசினார். முடித்துவிட்டுத் தட்டத்துக்குக் கை நீட்டினால், பொன்னாடைகள் முடிந்திருந்தன. பக்கத்து மேசையில் சிவப்பாக, மஞ்சள் வேலைப்பாட்டோடு ஒன்று இன்னும் விரிக்காமல் மடித்துக் கிடந்தது. எடுத்து உதறி உறுப்பினரின் தோளில் போட்டார். படமெடுப்பவர் இன்னொரு தரம் போர்த்தச் சொன்னார். போர்த்தினார். மொழிபெயர்க்க ஒலிவாங்கியோடு பக்கத்தில் நின்ற நான், படத்துக்குள் விழாமல் ஒதுங்கிக்கொண்டேன்.

கலைஞர் மேடையேறினார். துணியை உறுப்பினரின் தோளிலிருந்து எடுத்து, மடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம் சொன்னார்: இந்தப் பிள்ளைகளை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதை உங்கள் சனத்துக்குச் சொல்லுங்கள் என்றார்.

ஊரில் போரின் முடிவில் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்துவிட்டு, இன்றைக்கும் படத்தோடு அலையும் எங்கள் தாய்மார் நாலைந்து பேர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த வசனம் ஒன்றே போதும், விளக்கம் தேவையில்லை. தலைவர் என்னை முறைத்தார். அடுத்த செயலாளர் நான்தான் என்று பேச்சிருந்தது. நான் அடுத்துச் சொன்னதற்கு வேறு நல்ல காரணம் ஏதும் இருக்குமா என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

"எங்கட வரவேற்புக்கு அவ நன்றி சொல்லுறா," என்றேன்.

மண்டபம் கைதட்டியது. தாய்மாரும் தட்டினார்கள். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று கலைஞர் நினைத்திருக்கவேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாய்மாரைப் பார்த்துத் தலை குனிந்தார்.