லைட் வேலை

யாராவது "லைட்டா ஒரு டீ" என்று கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும். கேட்டவர் மேல் தப்பில்லை. லைட்டாகத் தூறுகிறது, லைட்டாகக் காய்ச்சல், லைட் கலரில் புடவை என்று ஊரே வாய் ஓயாமல் சொல்கிற வார்த்தைதான். கனமில்லாதது, கொஞ்சமானது, வெளிறியது, சுலபமானது என்று நானும் பள்ளிக்கூடத்தில் அர்த்தம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கள் எஸ்டேட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

கட்டபெட்டுக்குக் கீழே அந்தத் தேயிலை எஸ்டேட்டில் என் அக்கா கொழுந்து பறித்தாள். ஆபரேஷனில் கர்ப்பப்பையை எடுத்து, லீவு முடிந்து வந்தபோது டிஸ்பென்சரி டாக்டர் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதித் தந்தார். இரண்டு மாதத்துக்கு லைட் வேலை மட்டும். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான். பெருமையாகப் படித்துச் சொன்னேன்.

லைட் சீட்டு வாங்கியவர்களையெல்லாம் தேயிலை நாற்று வளர்க்கும் நர்சரிக்கு அனுப்புவது அங்கே வழக்கம். உட்கார்ந்து பாலிதீன் பையில் மண் நிரப்பும் வேலை, அதனால் லைட். அந்த மண்ணை யார் சுமப்பது, நாற்றுக்கு ஓடையிலிருந்து குடத்தில் தண்ணீர் யார் ஏற்றுவது என்று ஒருவரும் கேட்டதில்லை. திடமானவர்கள் எல்லோரும் கொழுந்துக்குப் போய்விடுவார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களும் தையல் போட்டவர்களும்தான் அங்கே மிச்சம். சீட்டு எழுதிய மனுஷன் அந்தக் குடத்தை ஒரு தரமாவது தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா, "அடிவயிறு இழுக்குது கண்ணு. நாளைக்கு நான் போகலே" என்றாள்.

"சீட்டுலயே லைட்டுன்னு போட்டிருக்குதுக்கா. போகலீன்னா ஆப்சென்ட் போட்டுருவாங்க. போயிட்டு வா" என்றேன்.

மறுநாள் மத்தியானம் தையல் பிரிந்து, சேலையெல்லாம் ரத்தமாக, இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து அவளைக் கொண்டுவந்தார்கள். அக்கா புருஷன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் ஓடைப் பாதைக்கு ஓடினேன். அவள் பாதியில் இறக்கி வைத்த குடம் தண்ணீரோடு அப்படியே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஆபீஸ் வரைக்கும் எப்படி ஏறினேன் என்று இன்றும் தெரியவில்லை. ஃபீல்டு ஆபீசர் மேஜை மேல், அவருடைய காகிதங்களின் மேலேயே வைத்தேன்.

"என்னம்மா இது?"

"லைட் வேலைங்க சார். நீங்க தூக்கிப் பாருங்க."

அவர் குடத்தைத் தொடவில்லை. வாசலில் சீட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள், ஏழு மாதம் இருக்கும். அவளைப் பார்த்து, "ஏம்மா, நீ நர்சரிக்குத்தான போற? இதையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

அவள் உள்ளே வந்து குடத்தை இடுப்புக்கு இழுத்தாள். நான் குடத்தைப் பிடுங்கிக்கொண்டேன். நர்சரி வரை இறக்கம்தான். அதற்குள் மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். என் வயிற்றில் தையல் இல்லை. தையலோடு அதை மேட்டில் ஏற்றியவளைப் போகச் சொன்னது நான்.