சோலையும் சூளையும்

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர் தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன படம் அது. கதை என்ன, கடைசியில் நாயகி யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அதன் ஆறு பாட்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கே புல்லாங்குழல் வரும், எங்கே பாடுகிறவர் மூச்சு வாங்குவார் என்பது வரைக்கும் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும் அந்தப் பாட்டுகள்தான் என் வாயில். இப்போது யாராவது போட்டால் எழுந்து போய்விடுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் எனக்கு கிளேஸ் பிரிவில் வேலை. காய்ந்த பொம்மைகளை, சூட்டில் உருகிப் பளபளப்பாகும் கிளேஸ் கரைசல் தொட்டியில் முக்கி எடுத்து, அடிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து அடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் சூளையில் பொம்மை பலகையோடு ஒட்டிக்கொள்ளும். என் பக்கத்துத் தொட்டியில் என் சிநேகிதி. ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவோம். அடுக்கிய பலகைகளைச் சூளைக்குத் தள்ளிப் போகிறவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசாத ஆம்பளை ஆழமானவன் என்று அந்த வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை. அவர்தான் இன்றைக்கு என் வீட்டுக்காரர்.

அந்தச் சமயத்தில் பெண்ணாடத்திலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை, சொந்தக் கரும்புக் காடு. வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அது இவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் கூடையில் ஒரு பொட்டலத்தை வைத்தார். டீ கப்புகளைக் கட்டுகிற வைக்கோலும் பழைய பேப்பருமாகச் சுற்றி, உள்ளே ஒரு கேசட்.

"உனக்குன்னே பதிஞ்சது. பாட்டெல்லாம் நானே பொறுக்கினேன். எழுத்தும் என் எழுத்துதான், பாத்துக்க" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அப்போதெல்லாம் ரெக்கார்டிங் கடையில் வெறும் கேசட்டை வாங்கி, அதன் அட்டையிலேயே பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். இந்த அட்டையில் நீல மையில் ஆறு பாட்டின் முதல் அடிகள். மூன்றாவது இப்படி இருந்தது: 'சூளைக்குள்ளே உன் பேரைச் சொல்லி வைத்தேன்.'

நான் விழுந்தது அங்கேதான். சூளைக்குள் போனது போனதுதான். ஒன்று உடையும், இல்லையென்றால் நிலைக்கும். மறுபடி பச்சை மண்ணாக முடியாது. எங்கள் வேலை தெரிந்த கவிஞர் எங்கோ இருந்திருக்கிறார், அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்து எனக்கென்று ஒருத்தர் எழுதியும் கொடுத்திருக்கிறார் என்று நினைத்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கரகரத்த டேப்பில் பாடகர் அந்த முதல் எழுத்தை இழுப்பார். அட்டையைப் படித்துவிட்டுக் கேட்ட என் காதுக்கு அது சூளையாகத்தான் விழுந்தது. கேசட் சங்கதியை என் சிநேகிதியிடம்கூடச் சொல்லவில்லை. அவளிடம் மறைத்த முதல் விஷயம் அது. பெண்ணாடம் வேண்டாம் என்று நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா அடித்தார். கடைசியில் விட்டுக்கொடுத்தார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். இவர் கையெழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை. பேங்க் சலான், ரேஷன் மனு எல்லாம் நான்தான். "உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்குது" என்று தள்ளிவிடுவார். எனக்கு அதில் பெருமை வேறு. கோபம் வரும் நாட்களில், வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன் என்று மனசு கசக்கும் நாட்களில், பீரோவிலிருந்து அந்த அட்டையை எடுத்துப் பார்ப்பேன். சரி, எழுதத் தெரிந்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று சமாதானம் ஆவேன்.

சிநேகிதி எனக்கு முன்பே கம்மாபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு போன வருஷம் குடும்பத்தோடு எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் வருவாள், வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுவோம். ஒரு ஞாயிறு, மகள் வாங்கிக் கொடுத்த சின்ன ஸ்பீக்கரில் அந்த ஆறு பாட்டையும் போட்டேன். வீட்டுக்காரர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பாடினோம். நான் சூளை என்றேன். அவள் சோலை என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீயுமாடி? நானும் அப்படித்தான் கேட்டேன். ரெக்கார்டிங் கடையில அட்டையில சூளைன்னே எழுதிக் குடுத்துட்டேன். 'ஏம்மா, செராமிக் கம்பெனியில வேலையா, அது சோலைம்மா'ன்னு அந்தக் கடைக்காரரு கேலி பண்ணாரு. அடிச்சு திருத்தினா அசிங்கமா இருக்கும்னு அப்படியே வுட்டுட்டேன்."

எனக்கும் சிரிப்புதான். உன்னைப் போல இன்னொரு ஆளும் இருக்கிறார், அவர் எழுதினதைப் பார் என்று பீரோவைத் திறந்து அட்டையைக் கொண்டுவந்து நீட்டினேன். வீட்டுக்காரரைக் கலாட்டா செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சிரிப்பு அப்படியே நின்றது. "இது உங்கிட்ட எப்படி வந்துது?"

"அவரு குடுத்தது. கல்யாணத்துக்கு முன்னாடி."

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "பால் வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

பாட்டை நிறுத்தினேன். அவள் அட்டையைத் தரையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இது நான் அவருக்குக் குடுத்தது. சூளைக்கிட்ட வெச்சேன், உருகிப் போச்சுன்னு சொன்னாரு. ரெண்டு மாசம் பதிலுக்குக் காத்திருந்தேன். உருகிப் போச்சுன்னு சொன்னதையே பதிலா எடுத்துக்கிட்டு, கம்மாபுரத்துக்குச் சரின்னு சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது." அவளும் ஒரு விஷயம் மறைத்திருக்கிறாள். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டோம் என்று பெருமை பேசிய இரண்டு பேரில் யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் போதும்.

அவள் இவருக்கு எழுதிய காதலை, எழுத்துக்கூட மாற்றாமல், வைக்கோல் சுற்றி என் கையில் கொடுத்திருக்கிறார். நான் அதை நம்பி அப்பாவிடம் அடி வாங்கினேன். முப்பத்தொரு வருஷம் இவர்மேல் வந்த ஒவ்வொரு கோபத்தையும் அவளுடைய எழுத்தைப் பார்த்துத்தான் ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "தன் எழுத்துன்னு சொன்னாரா உங்கிட்ட?"

"இல்லடி. யாரோ குடுத்த கேசட்டு, கேட்டுப் பாருன்னாரு. நான்தான் சும்மா வெச்சிருந்தேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியாது. "போயிட்டு வரேன்" என்று படியிறங்கினாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அவள் வார்த்தையில் மயங்கித்தான் அவள் ஆசைப்பட்டவரை நான் கட்டிக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரிவதை என்னால் தாங்க முடியாது. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பாலோடு வந்தார். வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டா."

"என்ன கேட்டாங்க?"

"உங்க எழுத்துன்னு சொன்னீங்களான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

அவர் தோள் தளர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, எனக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை.

"நல்ல வேளை" என்றார். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன பொய்யை, தனக்குக் கிடைத்த மன்னிப்பாக எடுத்துக்கொண்டு, பேப்பரை மறுபடி விரித்தார்.