அணைக்காமல் குடிபோன கம்ப்யூட்டர்

வீட்டில் ஒரு சர்வர் வைக்கலாம் என்றிருக்கிறேன், எப்படி வைப்பது என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், டிஸ்க் எத்தனை ஜிபி, ரேம் எவ்வளவு என்றெல்லாம் நான் கேட்பதில்லை. உங்கள் மாமியாருக்கு எந்த ஊர் என்று கேட்பேன். சிரிக்கிறார்கள். சார் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி ரேமுக்கே போய்விடுகிறார்கள். அப்போது எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்லி முடியாது.

என் மாமியாருக்கு வீரபாண்டி. சித்திரையில் கௌமாரியம்மனுக்குத் திருவிழா நடக்கும்போது, கையில் வேப்பிலையை வைத்து அதன் மேல் நெருப்புச் சட்டியை ஏந்தி ஊரே கோயிலுக்கு நடக்கும் இடம். கிளம்பிய இடத்திலிருந்து கோயில் வரைக்கும் சட்டி அணையக் கூடாது. இது தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

தேனிக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. நான் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று வயதில் ஒரு மகள். வாடகை வீட்டின் ஹாலில் ஒரு கம்ப்யூட்டர், மனைவியின் மேஜையில் ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக அலமாரிக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டி ஒன்று. அதற்குத்தான் சர்வர் என்று பெயர் வைத்திருந்தேன். மூன்றையும் இணைத்து ஜன்னல் வழியாக நானே வயர் இழுத்தேன். மின்சார வயரோடு ஒட்டி நெட்வொர்க் வயரை இழுக்கக் கூடாது, மோடத்தைத் தரையில் வைக்கக் கூடாது, ஐப்பசியில் வானம் உறுமினால் கரண்டு கிடக்கட்டும், முதலில் டெலிபோன் வயரைப் பிடுங்கு. இந்தக் கடைசிப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒரு மோடம் கருகிச் செத்தது.

மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அந்தப் பழைய பெட்டியில்தான் இருந்தன. டிஜிட்டல் கேமரா கார்டு நிறைந்ததும் பெட்டியில் ஏற்றிவிட்டு கார்டை அழித்துவிடுவேன். ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போடலாமே என்று மனைவி கேட்டபோதெல்லாம், காகிதம் மங்கிப் போகும், இது மங்காது என்று பாடம் நடத்தினேன்.

"கெட்டுப் போச்சுன்னா?"

"ரெண்டு டிஸ்க்குல இருக்கு. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும். தினமும் தானா காப்பி ஆயிரும்."

தினமும் தானாகக் காப்பி ஆனது உண்மைதான். தினமும் 'முடிந்தது' என்று எனக்குச் செய்தியும் வந்தது. பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தை நான் திறந்தே வைத்திருந்ததால் எலி புகுந்ததும், இரண்டாவது டிஸ்க் என்றோ செத்துப்போனதும், நான் எழுதி வைத்த புரோகிராம் அதைப் பற்றிக் கவலையே படாமல் முதல் டிஸ்க்கிலேயே இன்னொரு இடத்தில் காப்பி எடுத்துக்கொண்டிருந்ததும் அந்தச் செய்தியில் இல்லை. டூப்ளிகேட் சாவியை அசல் சாவியின் வளையத்திலேயே கோத்து வைத்த கதை. யாராவது குறித்துக்கொள்வதாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: காப்பி எடுத்தால் போதாது, எடுத்த காப்பியைத் திறந்து பார்க்க வேண்டும்.

நான் திறந்து பார்த்தது, வீடு மாறுவதற்குப் பத்து நாள் முன்பு. மனைவிக்குச் சின்னமனூருக்கு மாற்றல் வந்திருந்தது. அதே வாரத்தில் பெட்டிக்குள்ளிருந்து கிறீச் என்று ஒரு சத்தம் வேறு கிளம்பியது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவரை வரவழைத்தேன். அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மரணப் படுக்கைப் பக்கம் பேசுகிற குரலில் சொன்னார்: "ஓடுறவரைக்கும் ஓடும் சார். நிறுத்துனா திரும்ப எந்திரிக்கும்னு சொல்ல முடியாது."

பென் டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்கத் தொடங்கினேன். தொடங்கியதும் சத்தம் தேங்காய் திருகுவது போல ஏறியது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். மதுரையிலிருந்து புது டிஸ்க் திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். வீடு மாறும் நாளோ அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. மாமியார் பார்த்த நாள், வீரபாண்டித் திருவிழாவின் நடுவில். ஆத்தா வெளியே வந்திருக்கிற நாளில் குடிபோனால் நல்லது என்பது அவர் கணக்கு. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும். பழைய வீட்டிலோ வேறு குடும்பம் பெட்டி படுக்கையோடு வரக் காத்திருந்தது.

ஆக, ஒரே வழி. கம்ப்யூட்டரை ஓடவிட்டபடியே, இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கூட ஏற்றி, சின்னமனூருக்குக் கொண்டுபோவது. ஓடுகிற டிஸ்க்கை ஆட்டுவதைப் போல அதற்குக் கேடு வேறில்லை என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பயம் வந்தால் வாத்தியாருக்கும் படித்தது மறந்துபோகிறது.

சாமான் கட்ட உதவிக்கு வந்த மாமியாரிடம், "அத்தை, இதை மட்டும் அணைக்கக் கூடாது. அணையாமலே புது வீடு வரைக்கும் கொண்டுபோகணும்" என்றேன்.

அவர் கையிலிருந்த சணல் கயிற்றைக் கீழே போட்டார். "எப்ப நேந்தீக மாப்ள?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"பாப்பாவுக்குப் போன வருசம் அம்மை போட்டுச்சே, அப்பவா?"

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். உண்மையைச் சொல்வதாக இருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அப்படி அவள் என்னைப் பார்த்ததில்லை. "எங்கிட்டக்கூட சொல்லலையே நீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் சுகமாகவும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

மறுநாளே என் கையில் காப்புக் கட்டிவிட்டார்கள். மஞ்சள் வேட்டி. கறி, மீன் கிடையாது. காலில் செருப்பு கிடையாது. பாலிடெக்னிக்கில் வெறுங்காலோடு நின்று டிரான்சிஸ்டர் நடத்தினேன். பெட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்து வேப்பிலை கட்டினார்கள். காற்று போகிற ஓட்டையை வேப்பிலை அடைத்துக்கொண்டதால் பெட்டி சூடேறி இன்னும் கத்தியது. நான் ஒதுக்கி வைப்பேன், மாமியார் திரும்பக் கட்டுவார். "ஆத்தாவுக்கு வேப்பல இல்லாம எப்பிடி மாப்ள" என்பார். காற்றோட்டம் பற்றி நான் அவருக்கு விளக்கவில்லை. விளக்கும் தகுதியை நான் இழந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லோடு வண்டி வந்தது. டிரைவர் பக்கத்தில் மனைவியும் மகளும். பின்னால், இரண்டாக மடித்த இலவம்பஞ்சு மெத்தையின் மேல் நான் சம்மணம் போட்டு, மடியில் சர்வரோடு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பேட்டரி, இன்னொரு பக்கம் மாமியார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய நொடியில் என் உயிர் ஒரு முறை போய் வந்தது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. பழைய பேட்டரி, இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. பழனிசெட்டிபட்டி தாண்டும் வரை பத்து ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றுக்கும் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் மெத்தையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

வீரபாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ்காரர் வண்டியை மறித்தார். கூட்டம், எல்லா வண்டியும் சுற்றித்தான் போக வேண்டும் என்றார். சுற்றிப் போனால் ராகு காலமும் வந்துவிடும், பேட்டரியும் தீர்ந்துவிடும்.

மாமியார் எழுந்து நின்றார். "நேத்திக்கடன் வண்டிய்யா இது. அணையாமக் கொண்டு போறாக எங்க மாப்பிள்ளை."

போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். மஞ்சள் வேட்டி, காப்பு, வேப்பிலைக்கு நடுவில் மினுக் மினுக் என்று ஒரு பச்சை விளக்கு, உள்ளேயிருந்து கிறீச் கிறீச் என்று சத்தம். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "உள்ள என்னம்மா இருக்கு?" என்றார் மெதுவாக.

"எம் பேத்தி படமெல்லாம் உள்ளதான் இருக்கு."

அவருக்கு என்ன புரிந்ததோ, விசிலை ஊதிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். சட்டி ஏந்தியவர்களுக்கு நடுவில், உறுமிச் சத்தத்தில், வண்டி ஊர்ந்தது. வழியில் நின்ற பெண்கள், சட்டி எடுப்பவர்களின் காலுக்கு ஊற்ற மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு காத்திருந்தார்கள். எங்கள் வண்டியைக் கண்டதும் நாலைந்து குடம் ஓடி வந்தது. நான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு காலையும் வண்டிக்கு வெளியே நீட்டினேன். "காலுக்கு ஊத்துங்கத்தா, பொட்டிக்கு ஊத்திராதீக" என்று மாமியார் கத்திக்கொண்டே வந்தார். ஒரு வயதான அம்மா என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நேரம் இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தியது, பேட்டரி தீரப் போகிறது என்று. கூட்டம் அதற்கும் குலவை போட்டது.

சின்னமனூர் வீட்டுக்குள் காலடி வைக்கும்போது மணி பத்து பத்து. ஓடிப்போய் பிளக்கைச் சொருகினேன். பீப் நின்றது, பெட்டி ஓடியது. பால் பொங்கியது. சாமி நம்பிக்கை அவ்வளவாக இல்லாத நான், அடுப்புக்கு முன்னால் மனதாரக் கும்பிட்டேன்.

மெத்தையை இறக்கப் போனேன். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கிறீச் சத்தம் இல்லை. பச்சை விளக்கு இல்லை. பெட்டிக்கு முன்னால் சூடம் எரிந்து முடிந்திருந்தது. மாமியார் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எறக்கி வச்சு அணைச்சாத்தான மாப்ள நேத்திக்கடன் தீரும். நீங்க மறந்துட்டீக, நான் செஞ்சுட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவியைப் பார்த்து வாய் தானாகப் பேசியது. நேரவும் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். இரண்டாவது டிஸ்க் செத்து மாதக்கணக்காயிற்று என்றேன். பாப்பா படம் உலகத்தில் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அணைந்தால் திரும்ப எழாது, உன்னிடம் சொல்லப் பயந்துதான் இவ்வளவும் செய்தேன் என்றேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும்.

"அவ மொதமொத நடந்தது?" என்றாள் மனைவி.

"அதுலதான்."

அவள் போய் சுவர் சுவிட்சைப் போட்டாள். குங்குமம் வைத்திருந்த பட்டனை அழுத்தினாள். பெட்டி ஒரு பீப் கொடுத்துவிட்டு, எந்த வீம்பும் இல்லாமல் ஓட ஆரம்பித்தது. கிறீச் கூட இல்லை. கத்தியது டிஸ்க்கே அல்ல, தூசி அடைத்த ஃபேன் என்றும், வண்டி குலுக்கிய குலுக்கில் அது தானாகச் சரியாகிவிட்டது என்றும் பிறகு தெரிந்தது. படங்கள் அத்தனையும் இருந்தன. நான் மட்டும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எதையும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மாமியாரின் முகம்தான் வெளிறிப் போயிருந்தது. "நேராமயே நேந்தேன்னு சொன்னீகளா? ஆத்தா கிட்டயா வெளாடுறீக? பிள்ளைக்கு ஏதும் ஆனா?" எனக்கும் பயமாகிவிட்டது.

மனைவி திரும்பினாள். என்னைப் பார்க்காமல், அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "இல்லம்மா, இவுக பதட்டத்துல ஒளறுறாக. நேந்தது நெசந்தான். மூணு வருசத்துக்கு நேந்திருக்காக. இந்த வருசம் பொட்டி. அடுத்த ரெண்டு வருசமும் சட்டி."

மாமியார் மூச்சை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை டிஸ்க் வந்தது. காப்பி எடுத்தேன், திறந்தும் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள், அவ்வளவுதான்.

அடுத்த சித்திரையில் நெருப்புச் சட்டி எடுத்தேன். அவள் பக்கத்திலேயே நடந்து வந்தாள், வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அடுத்த சித்திரையில், கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், "சுடுதா?" என்று கேட்டாள்.

"சுடுது" என்றேன்.