இறங்கும் கோடு

கடலில் நீந்த வேண்டும், ஈரம் காய்வதற்குள் சைக்கிள் ஏற வேண்டும், அதிலிருந்து இறங்கி ஓட வேண்டும் என்று நான் விளக்கியபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மூணையும் ஒரே ஆளா செய்யணும்?" என்பதுதான். ஆமாம் என்றேன்.

"ஏன், ஆளு கெடைக்கலியாமா?" என்றார்.

நாற்றுப் பறிக்க ஓர் ஆள், நட ஓர் ஆள், கட்டுத் தூக்க ஓர் ஆள் என்று பிரித்தே வேலை பார்த்துப் பழகியவர். கூலி வேலையில் தொடங்கி இன்று ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா வைத்திருக்கிறார். அவர் கேட்டதில் பாதி நக்கல், பாதி நிஜமான சந்தேகம்.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் மிரட்டியதில் ஓடத் தொடங்கி, பிறகு சைக்கிள் வாங்கி, கடைசியில் பூம்புகாருக்குப் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் நடக்கும் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முக்கால் கிலோமீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் பதக்கம். ஒரு வினாடி தாண்டினாலும் கிடையாது. பள்ளி விளையாட்டு விழாக்களில் இருபது வருஷமாகப் பதக்கத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஆசை வெட்கமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏன், எதற்கு என்று கேட்காமல் இருக்க எனக்கு வராது. ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு விஷயங்களுக்கு மட்டும் கேட்டுக் கேட்டும் பதில் கிடைத்ததில்லை.

ஒன்று, பெரியப்பாவின் கால். அவர் வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தென்னை மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்வார். எந்த மரம் என்று சின்ன வயதில் கேட்பேன். "அதோ, அந்த மரம்" என்று கை காட்டுவார். மறுமுறை கேட்டால் வேறு மரத்தைக் காட்டுவார். பொய் என்று தெரிந்தது. எதற்கு இந்தப் பொய் என்பது அவர் சாகும்வரை தெரியவில்லை.

இன்னொன்று, அப்பா சைக்கிளிலிருந்து இறங்குவது. வயலுக்குப் போகும் வழியில் மிராசுதார் வீட்டுத் திருப்பம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் அந்த வீட்டைச் சைக்கிளில் ஏறிக் கடக்கக் கூடாது. இறங்கி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளிப் போக வேண்டும். வீட்டுக்காரர்கள் சென்னைக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது. வாசலில் இப்போது மாவு மில் ஓடுகிறது. என் வயதுக்காரர்கள் பைக்கில் பறக்கிறார்கள். அப்பா மட்டும் இன்னமும் அங்கே இறங்குவார். முப்பத்திரண்டு அடி நடந்துவிட்டு மறுபடி ஏறுவார். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்காக அவரோடு காலையில் சைக்கிளில் போன நாட்களில் இதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும்.

"யாருக்குப் பயந்துக்கிட்டு எறங்குறீங்க?"

"ரோடு மோசம் தம்பி."

"போன மாசந்தானே தார் போட்டாங்க."

"முட்டி வலிக்குது."

முட்டி வலிக்கிறவர் நடப்பாரா, மிதிப்பாரா? ஆனால் அதற்குமேல் அவர் வாயைப் பிடுங்க முடியாது.

போட்டியைப் பார்க்க வருகிறேன் என்று அவராகவே கிளம்பினார். விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். கையில் ஏன் நம்பர் எழுதுகிறார்கள், ஒரே டவுசரோடு நீந்தி அதோடேயே சைக்கிள் ஓட்டினால் தொடை அறுக்காதா, இத்தனை விலை சைக்கிளையும் பூட்டாமல் விட்டுப் போகிறார்களே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாதிக்கு எனக்கே பதில் தெரியவில்லை. சைக்கிள்களை நிறுத்தும் இடத்துக்கு முன்னால், சாலையின் குறுக்கே போட்டிருந்த சிவப்புக் கோட்டைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சைக்கிளில் திரும்பி வருகிறவர்கள் அந்தக் கோட்டுக்கு முன்பே இறங்கி, உள்ளே தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கடலில் இறங்கிய பிறகுதான் எனக்கு நீச்சல் தெரியாது என்பது தெரிந்தது. எங்கள் ஊரில் மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் பாலத்திலிருந்து வாய்க்காலில் குதிப்போம். தண்ணீர் ஓட்டத்தோடேயே நீந்தி அடுத்த மதகில் கரையேறுவோம். திரும்புவது கரைமேல் நடந்து. திரும்பி நீந்தியவர் என்று யாரும் கிடையாது, அதற்குத் தேவையும் இல்லை. அப்படி நீந்திய நேரத்தைத்தான் நான் நோட்டில் குறித்து வைத்துப் பெருமைப்பட்டிருந்தேன். பாதி வேலையைத் தண்ணீர் பார்த்திருக்கிறது. கடலில் மிதவையைச் சுற்றித் திரும்பியதும் கையைக் காலை அடிக்கிறேன், இடம் மட்டும் நகரவில்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பாதுகாப்புக்கு நின்ற மீன்பிடிப் படகிலிருந்தவர் சாவகாசமாகக் கேட்டார்.

"சார், எங்க போறீங்க? கரை அந்தாண்ட இருக்கு."

ஒருவழியாகக் கரைக்கு வந்தபோது எனக்குப் பின்னால் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். அந்தக் கோபத்தையெல்லாம் சைக்கிளில் காட்டினேன். இருபது கிலோமீட்டரை அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் மிதித்ததில்லை, பின்னும் இல்லை. திரும்பி வரும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். ஓட்டத்தில் சொதப்பாவிட்டால் பதக்கம் உறுதி.

கோட்டுக்குப் பக்கத்தில், கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றார். விசில் ஊதியபடி இரண்டு பேர் என் எதிரே வந்து கையை ஆட்டினார்கள்.

"எறங்குங்க, எறங்குங்க."

ஒரு காலை எடுத்தேன். அப்போது அப்பாவின் குரல் கேட்டது. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"எறங்காத தம்பி. நீ எறங்காத. மிதி."

எடுத்த காலைத் திரும்ப வைத்து மிதித்தேன். விதி எனக்கு மனப்பாடம். ஆனாலும் மிதித்தேன். கோட்டைத் தாண்டிப் பத்தடி போன பிறகுதான் நிறுத்தினேன். அதற்குத் தண்டனை ஒரு நிமிஷம். ஓடப் போகுமுன் ஒரு மூலையில் நிற்க வைத்தார்கள். வகுப்பில் நான் பையன்களை நிறுத்தி வைப்பேனே, அதே மாதிரி.

ஐந்து கிலோமீட்டரை எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. முடித்தபோது இரண்டு மணி நேரம் கடந்து முப்பத்தெட்டு வினாடி ஆகியிருந்தது. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கழித்தலைப் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சவுக்குத் தோப்பு நிழலில் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கேட்டார்.

"அந்தக் கோட்டுல எல்லாரும் எறங்கணுமா?"

"எல்லாருந்தாம்பா. வேகமா உள்ள வந்தா ஒருத்தர ஒருத்தர் இடிச்சிக்குவாங்கன்னு வச்சிருக்காங்க."

"பெரிய ஆளுங்க வந்தாலும்?"

"யாரு வந்தாலும்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"அறுபத்தேழுல ஆட்சி மாறி ரெண்டு வருசம் இருக்கும். கூலி நெல்லு கூடக் கேட்டு சங்கத்துல சேந்திருந்த நேரம். அண்ணன் ஒரு பழைய சைக்கிள் வாங்கினாரு. நான் பின்னாடி கேரியர்ல. திருப்பத்துல நாலு பேரு கம்போட நின்னாங்க. எறங்குடான்னாங்க. அண்ணன் காதுல வாங்காம மிதிச்சாரு. தாண்டியிருப்பாரு தம்பி. நான் பயந்துபோயி குதிச்சிட்டேன். குதிச்ச வேகத்துல வண்டி சாஞ்சி அவரு விழுந்தாரு. விழுந்த எடத்துலயே வச்சி கால ஒடச்சாங்க."

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

"யாரு கேட்டாலும் தென்ன மரம்னு சொல்லிட்டாரு. நான் குதிச்சது தெரிஞ்சிரக் கூடாதுன்னு. எங்க அம்மாகிட்டகூட அப்படித்தான் சொன்னாரு."

பெரியப்பா விழுந்த இடத்தை நடந்தே கடக்கும் அந்த முப்பத்திரண்டு அடியைக் கோழைத்தனம் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

"உன்னைய எவ்வளவு நேரம் நிக்க வச்சாங்க?" என்றார்.

"ஒரு நிமிசம்."

"ஒரு நிமிசந்தானா?"

"அவ்வளவுதாம்பா."

பதக்கம் வாங்கியவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அதாலதான் ஒனக்குக் கொடுக்கலியா?"

"இல்லப்பா. கடல்ல வழி தவறிட்டேன். அதுலயே போச்சு."

"எந்த எடத்துல?"

"அதோ, அங்க" என்று கடலில் ஓர் இடத்தைக் கை காட்டினேன்.