யார் வேண்டுமானாலும் கேட்கலாம்

எங்கள் லாட்ஜின் கதவுகளுக்கெல்லாம் இப்போது அட்டை வந்துவிட்டது. காட்டினால் திறக்கும். பழைய சாவிகளை மொத்தமாகக் காயலான் கடைக்குப் போட்டபோது நான் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். சாவியைக்கூட அல்ல, அதில் தொங்கிய மரத்துண்டை. உள்ளங்கை அகலத்தில் கேடயம் போல அறுத்தது. பச்சை வண்ணத்தின் நடுவே வெள்ளையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதற்கு மேலே ஒரு சொட்டு பால். வரவேற்பு மேசையில் என் கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறது. பார்க்கிற விருந்தினர்கள் தேங்காய் எண்ணெய் விளம்பரமா என்று கேட்பார்கள். வேலை மும்முரத்தில் நானும் சிரித்துவிட்டு அறை எண்ணைச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அதை வரைந்தவர் அப்போது எங்களுக்கு மேனேஜராக இருந்தவர். என்னைவிட வயதில் இளையவர், என்னை அக்கா என்பார். நான் கேரள எல்லையை ஒட்டிய அருமனைக்காரி, வாய் பழகியபடி அவரை சாரே என்பேன். கன்னியாகுமரியில் லாட்ஜ் மேனேஜர் என்றால் விடியும் முன்னே கதவு கதவாகத் தட்டிச் சூரிய உதயம் பார்க்க ஆட்களை எழுப்ப வேண்டும். அது முடிந்தால் மதியம்வரை ஓய்வுதான். அந்த நேரத்தில் மற்ற லாட்ஜ்காரர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள். எங்கள் ஆள், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் உட்கார்ந்திருப்பார். அதில் எங்கோ வடக்கே ஐரோப்பாவில் இருக்கும் ஒரு சின்ன நாட்டின் மரபுச் சின்ன அலுவலகத்தைப் பற்றித் தமிழில் ஒரு குட்டிக் கட்டுரை அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஊர்களுக்கும் குடும்பங்களுக்கும் கேடயச் சின்னம் வரைந்து பதிவு செய்து கொடுக்கிற அரசு அலுவலகமாம். கட்டுரை நாலே வரி, அதிலும் கடைசி வரி பாதியில் நின்றது. பார்த்த அன்றே மனிதர் பேய் பிடித்தவர் போல் ஆனார்.

பிறகு லாட்ஜில் யாரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. கேடயச் சின்ன விதிப்படி மஞ்சள் பொன்னாம், வெள்ளை வெள்ளியாம், ஒன்றின்மேல் ஒன்று வரக் கூடாதாம், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதாம். வெள்ளைப் பலகையில் மஞ்சளாக எழுதியிருந்த எங்கள் லாட்ஜின் பெயரைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, “அக்கா, நம்ம போர்டே சட்டவிரோதம் கேட்டியளா” என்றார். முதலாளியை நச்சரித்து அதை நீலத்தில் மஞ்சளாக மாற்றிய பிறகுதான் ஓய்ந்தார். கட்டுரையும் வளர்ந்தது. புரியாத மொழிப் பக்கங்களைக் கணினியில் போட்டு மொழிபெயர்ப்பார். அது பின்னங்காலில் நிற்கும் சிங்கத்தைக் கோபமான பூனை என்று சொல்லும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன், அவர் பொறுமையாகப் பூனையைச் சிங்கமாக்குவார்.

சிக்கல் ஒரே ஒரு வரியில் வந்தது. ‘அந்நாட்டின் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் தமக்கென ஒரு சின்னம் கேட்டு இங்கே விண்ணப்பிக்கலாம்’ என்று எழுதியிருந்தார். எங்கோ வாசித்ததுதான், ஆனால் அந்தப் பக்கம் இப்போது இணையத்தில் இல்லை. கலைக்களஞ்சியத்தில் சரிபார்க்கிற ஒருவர், சான்று இல்லை என்று அந்த வரியை நீக்கிவிட்டார். மேனேஜர் திரும்பச் சேர்த்தார், அவர் திரும்ப நீக்கினார். அன்று மேனேஜர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

“சவத்த விடுங்க சாரே, ஒரு வரிதானே” என்றேன்.

அவர் ஐயாவழிக்காரர், அந்த வழியைத் தொடங்கிவைத்தவரைத்தான் ஐயா என்பார்கள். ஞாயிறுதோறும் பதி என்கிற அவர்கள் வழிபாட்டு இடத்துக்குப் போய்த் தலைப்பாகை கட்டிக் கும்பிடுகிறவர். “அக்கா, எங்க ஆளுக தலையில துணி கெட்டப்பிடாதுன்னு வச்சிருந்த ஊரு இது. ஐயா வந்துதான் எல்லாரும் கெட்டுங்கன்னாரு. அங்க ஒரு கவர்மென்டே ஆபீசு போட்டு, யாரு வேணும்னாலும் வாங்க, ஒங்களுக்கும் ஒரு சின்னம் உண்டுன்னு சொல்லுகான். அந்த வரிக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுனேன். அத வெட்டிட்டா மிச்சம் என்னத்துக்கு?” என்றார். அதன் பிறகு அந்த வரி எனக்கும் வேண்டியதாகிவிட்டது.

கடவுள் எங்கள் லாட்ஜுக்கு வழி காட்டி அனுப்பியதைப் போல அந்த நாட்டிலிருந்தே ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் பேருந்து ஓட்டுநர், மனைவி பள்ளிக்கூடச் சமையற்காரி. மறுநாள் விடியற்காலை நல்ல மேகம். சூரியன் முகமே காட்டவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர்களை மேனேஜர் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் நாட்டு மரபுச் சின்ன அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது! அப்புறம் நடந்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். குமரிமுனையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மேனேஜர் அவர்களுடைய நாட்டு அலுவலகத்தை அவர்களுக்கே விளக்கினார், நீக்கப்பட்ட அந்த வரியின் கதையையும் சொன்னார். சிங்கம் எப்படி நிற்க வேண்டும் என்று எழுந்து நின்றும் காட்டினார். சூரியனை மறந்து அவர்கள் சிரித்த சிரிப்பில் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஊருக்குப் போன அந்த அம்மாள் ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த அலுவலகத்தின் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போய் ஓர் அதிகாரியிடம் கைப்பேசியைக் காட்ட, அவர் எங்களைப் பார்த்து, ஆமாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார். மேனேஜர் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் சரிபார்க்கிறவரோ, வாய்ச்சொல் செல்லாது, அச்சில் வெளியானதாக ஏதாவது வேண்டும் என்று எழுதிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான், எங்களுக்குத்தான் கசந்தது. மேனேஜர் அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லி, விஷயத்தை எழுதி, இனி சிரமப்பட வேண்டாம் என்று முடித்துக்கொண்டார். பிறகு கட்டுரைப் பக்கமே அவர் போகவில்லை. ஓய்வு நேரத்தில் அவரும் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மறு வருடம் சீசன் தொடங்கிய நேரத்தில் அந்தத் தம்பதியிடமிருந்து ஒரு படமும் அதோடு ஓர் இணைய முகவரியும் வந்தன. படத்தில் ஒரு கேடயம். நீலத்தில் மூன்று வெள்ளி அலைகள், மேலே பாதி தெரிகிற ஒரு பொன் சூரியன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு பேரும் அந்த அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறார்கள்! சின்னம் கிடைத்துவிட்டது. கிடைத்தவர்கள் பெயரை அந்நாட்டு அரசிதழில் அச்சிடுவது வழக்கமாம். முகவரியைத் திறந்தால் அரசிதழ்ப் பக்கம். அதில் அவர்கள் பெயர், பக்கத்தில் ‘பேருந்து ஓட்டுநர்’, ‘சமையற்காரர்’. அடுத்த வரியில், குடிமக்கள் எவரும் விண்ணப்பிக்கலாம் என்ற விதி. மேனேஜர் அதைச் சான்றாகக் காட்டி வரியைச் சேர்த்தார். சாயங்காலம் சரிபார்க்கிறவர் எழுதினார்: “ஏற்கிறேன். எனக்கும் மகிழ்ச்சி.” நாங்கள் லாட்ஜில் எல்லாருக்கும் பால் பாயசம் வைத்தோம்.

அந்த மகிழ்ச்சியில் மேனேஜர் சாவிகளில் தொங்கிய கட்டைகளையெல்லாம் கேடயமாக அறுத்து, ஆளுக்கொரு சின்னம் வரைந்தார். எங்கள் லாட்ஜ் சமையற்காரருக்குப் புட்டுக்குழல். தனக்குத் தலைப்பாகை. என்னிடம் வந்தபோது, “பால் வெட்டுகாரி வீட்டுல என்ன சின்னம் இருக்கு சாரே?” என்றேன். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அவர் பச்சைச் சாயத்தில் தூரிகையைத் தோய்த்தார். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுகிற சிரட்டையை வரைந்தார். ஊரிலிருந்து வந்த அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதென்ன மக்கா ஒரு சொட்டு? நான் வெட்டுனா நெறஞ்சுல்லா இருக்கும்” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த கர்வத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மேனேஜர் இப்போது வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் இருக்கிறார். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தக் கட்டுரையை நான் அவ்வப்போது திறந்து பார்ப்பேன். யார் யாரோ வந்து என்னென்னவோ சேர்த்திருக்கிறார்கள், அந்த வரியை மட்டும் யாரும் தொடவில்லை. நேற்று மதுரையிலிருந்து வந்த ஒருவர் அறை அட்டையை வாங்கும்போது மரத்துண்டைப் பார்த்துவிட்டு, “இது எந்த ராஜா வீட்டுச் சின்னம்மா?” என்று வேடிக்கையாகக் கேட்டார். இந்த முறை நான் சிரித்து மழுப்பவில்லை.

“எங்க அம்மைக்க சின்னம்” என்றேன்.