வல்லரசா, பேரரசா?

எங்கள் பள்ளிக்கரணை குடியிருப்பில் பொங்கலுக்குப் பொங்கல் பட்டிமன்றம் உண்டு. வழக்கமாக மாமியாரா, மருமகளா என்றுதான் இருக்கும். பாதி வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதாலோ என்னவோ, இந்த முறை ‘அமெரிக்கா வல்லரசா, பேரரசா?’ என்று வைத்தார்கள். முப்பது வருடம் தாம்பரத்தில் சரித்திரப் பாடம் நடத்தியவன் சும்மா இருப்பேனா? பேரரசு அணிக்கு நானே தலைவன். எதிரணியில் என் மகள்.

நான் வெளுத்து வாங்கினேன். அடுத்தவன் நாட்டில் படை வைத்திருப்பவன், யார் யாரோடு வியாபாரம் செய்யலாம் என்று உலகத்துக்கே உத்தரவு போடுபவன், பேரரசன் இல்லாமல் வேறு யார் என்றேன். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. "பேரரசுன்னா ஒரு பயம் இருக்கணும். இங்க யாரு பயப்படுறா? எங்கப்பாவே மைக்கப் புடிச்சு இந்தத் திட்டு திட்டுறாரு," என்றாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் என் வாதம் காணாமல் போனது. தீர்ப்பு அவள் பக்கம். எனக்கு உள்ளூரப் பெருமைதான். முழு வீடியோவையும் அவள் தன் சமூக வலைதளப் பக்கத்தில் போட்டபோது, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தேன்.

ஏப்ரலில் அவளுக்கு அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. விசா நேர்காணலுக்கு முன்னால் சமூக வலைதளக் கணக்குகளை எவரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் லேப்டாப்போடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பட்டிமன்ற வீடியோவ எடுத்துடலாம்பா."

எனக்குச் சுரீரென்றது. "யாராவது எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்ல."

"பின்ன என்ன? நீ அந்த நாட்டத் தூக்கி வச்சுதானே பேசியிருக்க?"

"நீங்க திட்டியிருக்கீங்களே. ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னா என்ன செய்றது? ரெண்டு வருஷமா இதுக்குத்தாம்பா படிச்சேன்."

என் ஊரில், என் பாஷையில் நான் பேசியதை எவனுக்காக அழிக்க வேண்டும் என்று கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அவ வாழ்க்கைங்க," என்று மட்டும் சொன்னாள். அவமானமாக இருந்தது.

"எடுத்துடும்மா," என்றேன்.

அவள் உடனே எடுத்துவிடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டெலிட்டை அழுத்திவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

"பட்டிமன்றத்துல நீங்க சொன்னதுதாம்பா சரி," என்றாள் என் முகத்தைப் பார்க்காமலே. "ஆனா எனக்கு அங்க போகணும்."