வரி முடிந்த இடம்

பக்கவாட்டில் துளைகள் போட்ட நீளமான தாளில், வரிக்கு அறுபது எழுத்தாக அச்சாகி வந்தது எங்கள் முதல் மரபணு. ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள். எண்பதுகளின் நடுவில், டில்லி ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்காலிக வேலையில் இருந்தேன். ஆய்வை நடத்திய மேடம் தமக்கு வேண்டிய புரதத்தைச் சொல்வார். அதை ஒரு பாக்டீரியா உண்டாக்கத் தோதான எழுத்து வரிசையை நான் எழுதிய நிரல் அமைத்துத் தரும். டில்லி கிட்வாய் நகரில் வளர்ந்த எனக்கு அப்போது தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். "இந்த நாலு எழுத்தையாவது தடுமாறாம படிக்கிறியே, அச்சா!" என்று மேடம் கேலி செய்வார்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜிஏஏடிடிசி என்ற ஆறெழுத்து நடுவில் எங்கும் வரக்கூடாது. வந்தால், நாங்கள் பயன்படுத்தும் நொதி அந்த இடத்தில் இழையை வெட்டிவிடும். நிரல் தேடிப் பார்த்து, இல்லை என்றது. மேடம் கையெழுத்திட்டு, அந்த வரிசைப்படி டி.என்.ஏ. செய்து தர வெளிநாட்டுக்கு அனுப்பினார். செயற்கை டி.என்.ஏ. வந்துசேரப் பல மாதங்கள் ஆயின. நொதியைச் சேர்த்துப் பார்த்தால், ஜெல்லில் ஒன்றாக இருக்கவேண்டிய பட்டை இரண்டாகத் தெரிந்தது; இழை நடுவில் வெட்டுப்பட்டிருந்தது.

இயக்குநர் எங்கள் இருவரையும் அழைத்தார். நான் வாய் திறப்பதற்குள், சரிபார்த்தது தாம்தான், தவறும் தம்முடையதே என்று மேடம் சொல்லிவிட்டார். அந்த ஆய்வு அவரிடமிருந்து பறிபோனது.

மறுநாள் நிரலைப் பிரித்துப் பார்த்தேன். அது ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத்தான் தேடியிருந்தது. ஜிஏஏ ஒரு வரியின் கடைசியில். டிடிசி அடுத்த வரியின் தொடக்கத்தில். தவறு என்னுடையது. சொன்னால் வேலை போய்விடும். சத்தமில்லாமல் திருத்திவிட்டு, தினமும் அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னேன்.

அடுத்த ஆண்டு அவர் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். வழியனுப்ப ரயில் நிலையம் போனேன். அன்றாவது சொல்லிவிட நினைத்தேன். சாப்பாடு எடுத்துக்கொண்டாரா என்றுதான் கேட்க முடிந்தது. வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்:

"இனிமே வரி வரியா தேடாதேம்மா. எல்லாத்தையும் ஒரே இழையா கோத்துட்டுத் தேடு."

அப்படியானால் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? இயக்குநர் அறையிலேயே தெரியுமா? நானாக வந்து சொல்லட்டும் என்று ஒரு வருடம் காத்திருந்தாரா? இன்று அந்தத் தேடலைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது மன்னிப்பா, கண்டிப்பா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.